ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் காசு: யூனிட்டி கட்டணச் சண்டை எதைப் பற்றியது?

2023 செப்டம்பர் 12 அன்று யூனிட்டி கம்பெனி ஒரு புதிய கட்டணத்தை அறிவித்தது. யூனிட்டி எஞ்சின் என்ற அதன் மென்பொருளில் செய்த கேமை யாராவது தன் போனிலோ கம்ப்யூட்டரிலோ இன்ஸ்டால் செய்தால், ஒரு வரம்பைத் தாண்டிய பிறகு, ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் அந்த கேமைச் செய்தவர் யூனிட்டிக்குக் காசு கட்ட வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் அமல். கட்டணத்தின் பெயர் ‘ரன்டைம் ஃபீ’. அதிகபட்சம் ஓர் இன்ஸ்டாலுக்கு 20 சென்ட்.

பத்தே நாளில் கம்பெனி பாதி பின்வாங்கியது. ஒரு மாதத்துக்குள் அதன் தலைமை அதிகாரி பதவியிலிருந்து போனார். சரியாக ஒரு வருடம் கழித்துக் கட்டணமே ரத்தானது. 20 சென்ட்டுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்தச் சண்டை தொகையைப் பற்றியது மட்டும் அல்ல. போட்ட ஒப்பந்தத்தை ஒரு தரப்பு பாதியில் மாற்றலாமா என்பதுதான் உள்ளே இருந்த கேள்வி. அது புரிய வேண்டுமானால் கேம் எஞ்சின் என்றால் என்ன, அதற்கு எப்படிப் பணம் கட்டுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எஞ்சின் என்ன செய்கிறது?

ஒரு கேமில் கதாபாத்திரம் குதிக்கிறது. குதித்தால் கீழே விழ வேண்டும், சுவரில் மோதினால் நிற்க வேண்டும், வெளிச்சம் பட்டால் நிழல் விழ வேண்டும், காலடிச் சத்தம் கேட்க வேண்டும். இவை எல்லா கேமுக்கும் பொது. ஒவ்வொரு கேமுக்கும் இதையெல்லாம் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருந்தால் கேமையே செய்து முடிக்க முடியாது. இந்தப் பொதுவான வேலைகளை ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் மென்பொருள்தான் கேம் எஞ்சின். ஒருமுறை செய்த கேமை ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ், பிளேஸ்டேஷன் என்று பல இடங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருவதும் அதன் வேலைதான்.

எஞ்சினில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று எடிட்டர். டெவலப்பர் உட்கார்ந்து கேமைக் கட்டுவது அதில்தான். இன்னொன்று ரன்டைம். முடிந்த கேமோடு சேர்ந்து விளையாடுபவரின் போனுக்குப் போய், அங்கே கேமை ஓட வைக்கும் பகுதி இது. புதிய கட்டணத்துக்கு அந்தப் பெயர் வந்தது இதிலிருந்துதான். கேமை ஒருவர் டவுன்லோடு செய்யும்போதெல்லாம் எங்கள் ரன்டைமும் கூடவே போகிறது, அதற்கு விலை கேட்பது நியாயம்தானே என்பது யூனிட்டியின் வாதம்.

யூனிட்டி தொடங்கியது டென்மார்க்கின் கோபன்ஹேகனில். 2005-இல் முதலில் ஆப்பிள் கம்ப்யூட்டர்களுக்காக வெளிவந்தது. பெரிய ஸ்டூடியோக்கள் தங்களுக்கென்று சொந்த எஞ்சின் வைத்திருந்த காலம் அது. தனியாளாகவோ மூன்று நான்கு பேராகவோ கேம் செய்ய நினைத்தவர்களுக்கு யூனிட்டி கதவைத் திறந்துவிட்டது. ஐபோன் வந்த பிறகு மொபைல் கேம் செய்பவர்களின் முதல் தேர்வாகவே ஆனது. ஹாலோ நைட், கப்ஹெட், அமாங் அஸ், போக்கிமான் கோ, ஜென்ஷின் இம்பேக்ட் எல்லாம் யூனிட்டியில் செய்தவை. கல்லூரிகளிலும் ஆன்லைன் பாடங்களிலும் கேம் செய்யக் கற்றுக்கொடுக்கும்போது முதலில் யூனிட்டியைத் திறக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது.

பணம் வாங்கும் வழிகள்

எஞ்சின் கம்பெனிகள் பணம் வாங்கும் பழைய வழிகள் இரண்டு. ஒன்று, எத்தனை பேர் அந்த எஞ்சினில் வேலை செய்கிறார்களோ அத்தனை பேருக்கும் சந்தா. யூனிட்டி இந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. சிறியவர்களுக்கு ‘பெர்சனல்’ திட்டம் இலவசம். வருமானம் வளர்ந்தால் ‘புரோ’ திட்டத்துக்கு மாற வேண்டும். அப்போது அதற்கு ஆளுக்கு வருடத்துக்கு 2,000 டாலருக்குக் கொஞ்சம் மேல். கேம் எவ்வளவு சம்பாதித்தாலும் அதில் பங்கு கிடையாது. ராயல்டி இல்லை என்பதையே பெருமையாகச் சொல்லி யூனிட்டி ஆள் சேர்த்தது.

இரண்டாவது வழி ராயல்டி. எபிக் கேம்ஸின் அன்ரியல் எஞ்சின் அப்படி. ஒரு கேம் மொத்தம் 10 லட்சம் டாலர் வருமானம் பார்க்கும் வரை எதுவும் கட்ட வேண்டாம். அதற்கு மேல் வருவதில் 5 சதவீதம் எபிக்குக்கு. நூறு ரூபாய் வந்தால் ஐந்து ரூபாய் போகும். வராவிட்டால் எதுவும் போகாது. தொகை பெரிதாகத் தெரிந்தாலும் டெவலப்பரால் முன்கூட்டியே கணக்குப் போட முடிகிறது.

மூன்றாவதாக, பணமே வாங்காத கோடோ மாதிரியான எஞ்சின்களும் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

யூனிட்டி அறிவித்தது இவை எதிலும் சேராதது. விற்பனைக்கும் இல்லை, ஆளுக்கும் இல்லை, இன்ஸ்டாலுக்கு. பெர்சனல் திட்டத்தில் இருப்பவரின் கேம் கடந்த 12 மாதத்தில் 2 லட்சம் டாலர் சம்பாதித்து, மொத்த இன்ஸ்டாலும் 2 லட்சத்தைத் தாண்டியிருந்தால், அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் 20 சென்ட். புரோ திட்டத்தில் இருப்பவருக்கு வரம்பு 10 லட்சம் டாலர், 10 லட்சம் இன்ஸ்டால். கட்டணமும் 15 சென்ட்டில் தொடங்கி, எண்ணிக்கை கூடக் கூட 2 சென்ட் வரை இறங்கும். அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி போன்ற நாடுகளில் இன்ஸ்டால் ஆனால் இந்த விலை. இந்தியா உட்பட மற்ற நாடுகளில் ஆனால் இதைவிட மிகக் குறைவு. புரோவுக்கு ஒரு சென்ட். டெவலப்பர் எங்கே இருக்கிறார் என்பது கணக்கில்லை, விளையாடுபவர் எங்கே இருக்கிறார் என்பதுதான் கணக்கு. சென்னையில் உட்கார்ந்து அமெரிக்கர்களுக்காக கேம் செய்பவருக்கும் அமெரிக்க விலைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

20 டாலருக்கு விற்கும் ஒரு கேமை எடுத்துக்கொள்ளுங்கள். கேமை விற்கும் ஆன்லைன் கடை வழக்கமாக எடுக்கும் 30 சதவீதம் போனால் கையில் 14 டாலர். அதில் 15 சென்ட் என்பது ஒரு சதவீதம் சொச்சம். அன்ரியலின் 5 சதவீதத்தோடு ஒப்பிட்டால் இது மலிவு. யூனிட்டி தரப்பில் இந்தக் கட்டணத்தை யோசித்தவர்கள் இப்படியான கேமைத்தான் மனதில் வைத்திருந்தார்கள் போல.

இப்போது இலவச மொபைல் கேமுக்கு வாருங்கள். வருடத்துக்கு 12 லட்சம் டாலர் வருமானம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் விளம்பரத்திலிருந்து வருவது. மாதம் 5 லட்சம் பேர் புதிதாக இன்ஸ்டால் செய்கிறார்கள். வருடத்துக்கு 60 லட்சம். அதாவது ஓர் இன்ஸ்டாலுக்குச் சராசரியாக 20 சென்ட் வருமானம். கேமைச் செய்தவர் புரோ திட்டத்தில் இருக்கிறார், வரம்புகளைத் தாண்டிவிட்டார், விளையாடுபவர்கள் எல்லோரும் அமெரிக்கா மாதிரியான நாடுகளில் இருக்கிறார்கள். மாதத்தின் முதல் 1 லட்சம் இன்ஸ்டாலுக்கு 15 சென்ட் வீதம் 15,000 டாலர். அடுத்த 4 லட்சத்துக்கு 7.5 சென்ட் வீதம் 30,000 டாலர். மாதம் 45,000, வருடம் 5.4 லட்சம். மொத்த வருமானத்தில் 45 சதவீதம் எஞ்சினுக்கே போய்விடும். ஆட்களைப் பிடிக்க விளம்பரத்துக்குச் செலவழித்தது, சம்பளம், வரி எல்லாம் மீதியிலிருந்துதான்.

இதே கேமை இந்தியாவில் மட்டும் விளையாடினால் கட்டணம் மாதம் 5,000 டாலர்தான் வரும். ஆனால் இந்திய விளையாட்டாளரிடமிருந்து வரும் விளம்பர வருமானமும் அதற்கேற்பக் குறைவு. ஆக, இலவச கேம் தொழிலுக்கு இது எங்கே இருந்தாலும் இடிதான். கேம் எவ்வளவு சம்பாதிக்கிறது என்பதற்கும் எத்தனை பேர் இன்ஸ்டால் செய்கிறார்கள் என்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ராயல்டியில் வருமானம் குறைந்தால் கட்டணமும் குறையும். இங்கே அப்படி எந்தப் பிடிமானமும் இல்லை.

அப்புறம் இன்ஸ்டாலை எப்படி எண்ணுவது? டெவலப்பர்கள் கேட்ட முதல் கேள்வியே இதுதான். எங்களிடம் சொந்தமாக ஒரு கணக்கீட்டு முறை இருக்கிறது, அது மதிப்பிடும் என்றது யூனிட்டி. அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கவில்லை. ஒருவர் கேமை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்தால்? முதலில் அதற்கும் கட்டணம் உண்டு என்றார்கள். நீங்கள் தையல் மெஷின் வாங்கிச் சட்டை தைத்து விற்கிறீர்கள்; வாங்கியவர் அதைப் பீரோவிலிருந்து எடுத்துப் போடும்போதெல்லாம் மெஷின் கம்பெனிக்கு நீங்கள் காசு கட்ட வேண்டும் என்பது மாதிரி ஆனது. இந்தப் பதில் வந்ததும் டெவலப்பர்கள் கொதித்துவிட்டார்கள். ஒரு கேம் கம்பெனியின் மேல் கோபம் கொண்டவர்கள் வேண்டுமென்றே திரும்பத் திரும்ப இன்ஸ்டால் செய்து அதன் கட்டணத்தை ஏற்றிவிட முடியுமே என்றார்கள். அது வெறும் கற்பனை பயமில்லை. கேம் பிடிக்காதவர்கள் கூட்டமாகச் சேர்ந்து மோசமான ரேட்டிங் போடுவதைப் பல ஸ்டூடியோக்கள் ஏற்கெனவே அனுபவித்திருக்கின்றன.

உடனே யூனிட்டி மாற்றிக்கொண்டது: ஒரு சாதனத்தில் முதல் இன்ஸ்டாலுக்கு மட்டும்தான் கட்டணம். அதே ஆள் கம்ப்யூட்டரிலும் கையடக்கக் கருவியிலும் போட்டால் அது இரண்டு. காப்பியடித்த திருட்டுப் பிரதிகள்? அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் வழி இருக்கிறது என்றார்கள். நன்கொடைக்காகப் பல கேம்களைக் கட்டாகச் சேர்த்து விற்பது? அதற்கு விலக்கு. கேம் பாஸ் போன்ற சந்தாச் சேவையில் கேம் இருந்தால்? அதற்கு மைக்ரோசாஃப்ட் மாதிரி விநியோகிப்பவர் கட்டுவார். ஒவ்வொரு கேள்விக்கும் அன்றன்றைக்கு ஒரு பதில் வந்தது. நிதானமாக யோசித்து எழுதிய திட்டத்துக்கு இவ்வளவு திருத்தம் தேவைப்பட்டிருக்காது.

நெருப்பு பிடித்த இடம்

கணக்கைவிட ஆழமாகத் தைத்த விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கட்டணம் இனிமேல் செய்யப்போகும் கேம்களுக்கு மட்டும் இல்லை. ஏற்கெனவே வெளிவந்து, வருடக்கணக்காக விற்றுக்கொண்டிருக்கும் கேம்களுக்கும் சேர்த்துத்தான். பழைய இன்ஸ்டாலுக்குக் காசு கேட்கவில்லை, ஜனவரி 1-க்குப் பிறகு வருவதற்கு மட்டும்தான், ஆகவே இது முன்தேதியிட்டது இல்லை என்றது யூனிட்டி. சொல்லளவில் சரி. ஆனால் வரம்பைத் தாண்டினோமா என்று பார்க்கும்போது பழைய இன்ஸ்டால்களும் எண்ணிக்கையில் சேரும். 2019-இல் ஒரு நிபந்தனையை ஏற்று கேமை வெளியிட்டவருக்கு, 2024-இல் அவர் கேட்காத வேறொரு நிபந்தனை வந்து விழுகிறது. கேமின் விலையை இனி ஏற்ற முடியாது. எஞ்சினை மாற்றுவதென்றால் கேமையே திரும்பச் செய்ய வேண்டும்.

எஞ்சின் மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. படங்களையும் ஒலிகளையும் எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் நிரல் எல்லாம் யூனிட்டியின் அமைப்பைக் கூப்பிட்டுத்தான் எழுதப்பட்டிருக்கும். காட்சிகள் எல்லாம் அதன் கோப்பு வடிவில் இருக்கும். ஒரு குதியின் உயரத்தை, விழும் வேகத்தை மாதக்கணக்கில் திருத்தித் திருத்திச் சரியாக்கியிருப்பார்கள். வேறு எஞ்சினின் இயற்பியலில் அது வேறு மாதிரி இருக்கும். இதற்கெல்லாம் மேல், குழுவில் இருப்பவர்கள் வருடக்கணக்கில் பழகிய கைப்பழக்கம்.

இந்த நிலைமைக்கு ஒரு முன்கதை உண்டு. 2019 ஜனவரியில் யூனிட்டிக்கும் இம்ப்ராபபிள் என்ற பிரிட்டிஷ் கம்பெனிக்கும் இதே மாதிரி நிபந்தனை மாற்றம் காரணமாக ஒரு தகராறு வந்தது. அப்போது பயந்துபோன டெவலப்பர்களைச் சமாதானப்படுத்த யூனிட்டி ஒரு வாக்குக் கொடுத்தது: நீங்கள் எந்தப் பதிப்பை எடுத்தீர்களோ, அதை அப்டேட் செய்யாத வரை அந்தப் பதிப்பின் நிபந்தனையிலேயே இருந்துகொள்ளலாம். நிபந்தனைகள் எப்போது எப்படி மாறின என்று யாரும் பார்க்கும்படி கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் போட்டும் வைத்தது. 2023 செப்டம்பரில் டெவலப்பர்கள் தேடிப்போனபோது அந்த கிட்ஹப் பக்கம் இல்லை. அந்த வாசகமும் புதிய நிபந்தனைகளில் இல்லை. எனக்கு இந்தக் கதையில் மன்னிக்க முடியாததாகப் படுவது 20 சென்ட் இல்லை, இதுதான். கொடுத்த வாக்கைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு விலையை அறிவித்தார்கள்.

யார் என்ன செய்தார்கள்?

ஸ்லே தி ஸ்பயர் செய்த மெகா கிரிட், தன் அடுத்த கேமில் ஏற்கெனவே நிறைய உழைப்பைப் போட்டிருந்தது. அவர்கள் அதுவரை பொதுவெளியில் அறிக்கை விட்டதே இல்லை. இந்த முறை விட்டார்கள். கட்டணத்தை முழுதாக ரத்து செய்ய வேண்டும், நிபந்தனைகளை இஷ்டத்துக்கு மாற்ற முடியாதபடி பாதுகாப்பும் வேண்டும், இல்லாவிட்டால் வேறு எஞ்சினுக்குப் போகிறோம் என்றார்கள். இரண்டாவது கோரிக்கையைக் கவனியுங்கள். கட்டணம் போனால் மட்டும் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அமாங் அஸ் செய்த இன்னர்ஸ்லாத்தும் எதிர்ப்பைச் சொன்னது. டெராரியா செய்த ரீ-லாஜிக், மொபைல், கன்சோல் பதிப்புகளின் சில பகுதிகளைத் தவிர யூனிட்டியைப் பயன்படுத்தவில்லை. ஆனாலும் கோடோவுக்கும் எஃப்என்ஏ என்ற இன்னொரு திறந்த மூலக் கருவிக்கும் (நிரலை யாரும் பார்க்கவும் எடுக்கவும் விடுவது) தலா 1 லட்சம் டாலர் கொடுத்து, மாதாமாதம் 1,000 டாலரும் தருவதாக அறிவித்தது.

அறிக்கைகளைவிட வலித்த அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. யூனிட்டிக்கு எஞ்சின் சந்தாவைவிட விளம்பரத் தொழிலில்தான் அதிக வருமானம். கேம்களுக்கு நடுவே வரும் விளம்பரங்களைக் கொடுப்பதும் அவர்கள்தான். அந்தத் தொழிலைப் பெரிதாக்க 2022-இல் அயர்ன்சோர்ஸ் என்ற இஸ்ரேலியக் கம்பெனியை 440 கோடி டாலருக்கு இணைத்துக்கொண்டார்கள். கட்டண அறிவிப்பு வந்த சில நாளில் அசூர் கேம்ஸ், வூடூ உள்ளிட்ட பல மொபைல் கேம் கம்பெனிகள் சேர்ந்து, தங்கள் கேம்களில் யூனிட்டி விளம்பரங்களையும் அயர்ன்சோர்ஸ் விளம்பரங்களையும் நிறுத்தின. தங்களுக்கும் நஷ்டம் என்று தெரிந்தேதான் செய்தார்கள்.

யூனிட்டி ஏன் இந்தப் பக்கம் போனது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனி லாபம் பார்க்கவில்லை. 2022-இல் மட்டும் நிகர நஷ்டம் சுமார் 92 கோடி டாலர். 2020-இல் பங்குச் சந்தைக்கு வந்ததிலிருந்து முதலீட்டாளர்களின் நெருக்கடி. கோடிக்கணக்கான போன்களில் தங்கள் ரன்டைம் ஓடுகிறது, ஆனால் அதற்காக ஒரு காசும் வருவதில்லை என்ற ஆதங்கம் அவர்களுக்கு இருந்திருக்கும். அவர்களின் மற்ற சேவைகளைப் பயன்படுத்துவோருக்கு இந்தக் கட்டணத்தில் கழிவு உண்டு என்றும் அறிவித்திருந்தார்கள். விளம்பரப் போட்டியாளர்களிடமிருந்து ஆட்களை இழுக்கும் நோக்கமும் அதில் இருந்தது என்று பலர் எடுத்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. எஞ்சின் செய்ய ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் வேண்டும், அவர்களுக்குச் சம்பளம் வேண்டும். விலையை ஏற்றுவது தப்பில்லை. இனி வரும் பதிப்புகளுக்கு ஏற்றியிருந்தால் முணுமுணுத்துவிட்டுக் கட்டியிருப்பார்கள்.

பின்வாங்கியது எப்படி?

செப்டம்பர் 17 அன்று யூனிட்டி மன்னிப்புக் கேட்டது. 22 அன்று அதன் மூத்த அதிகாரி மார்க் விட்டன் ஒரு திறந்த கடிதம் எழுதினார். பெர்சனல் திட்டத்துக்குக் கட்டணம் அறவே இல்லை. மற்றவர்களுக்கும் 2024-இல் வரும் அடுத்த பெரிய பதிப்புக்கு மாறினால் மட்டும்தான். அதிலும் 2.5 சதவீத வருமானப் பங்கு அல்லது புதிய பயனர் எண்ணிக்கைக் கணக்கு, இரண்டில் எது குறைவோ அது. எண்ணிக்கையை டெவலப்பரே தெரிவிக்கலாம். பழைய பதிப்பில் இருப்பவர் பழைய நிபந்தனையிலேயே இருக்கலாம். கிட்ஹப் பக்கமும் திரும்பி வந்தது.

அக்டோபர் 9 அன்று தலைமை அதிகாரி ஜான் ரிச்சிடெல்லோ விலகினார். 2024 ஜனவரியில் யூனிட்டி சுமார் 1,800 பேரை, அதாவது நான்கில் ஒருவரை, வேலையிலிருந்து அனுப்பியது. முடிவெடுத்தவர்கள் வேறு, வேலை இழந்தவர்கள் வேறு. புதிய தலைமை அதிகாரி மேத்யூ பிரோம்பெர்க் 2024 செப்டம்பர் 12 அன்று ரன்டைம் ஃபீயை முழுதாக ரத்து செய்தார். பதிலாகப் பழைய சந்தா வழியிலேயே விலையை ஏற்றினார்: புரோ 8 சதவீதம் கூடி ஆளுக்கு வருடம் 2,200 டாலர், பெரிய கம்பெனிகளுக்கான என்டர்பிரைஸ் திட்டம் 25 சதவீதம் கூடுதல். அதற்கு ஊர் கூடிச் சண்டை எதுவும் நடக்கவில்லை.

கோடோ, அப்புறம் நீங்கள்

இந்தச் சண்டையில் அதிகமாகப் பேசப்பட்ட பெயர் கோடோ. அர்ஜென்டினாவைச் சேர்ந்த இருவர் தொடங்கிய எஞ்சின் இது, 2014-இல் திறந்த மூலமாக வெளியானது. அதன் லைசென்ஸ் எம்ஐடி வகை. அதாவது நிரல் முழுதும் உங்கள் கையில் இருக்கும், கட்டணம் இல்லை, நீங்கள் எடுத்த பதிப்பின் உரிமையை நாளைக்கு யாரும் திரும்பப் பிடுங்க முடியாது. கோடோவை நடத்துபவர்கள் மனம் மாறினாலும் உங்களிடம் இருக்கும் பதிப்பு உங்களுடையதுதான். குறைகளும் உண்டு. பிளேஸ்டேஷன், நின்டென்டோ போன்ற கன்சோல்களின் ரகசிய ஒப்பந்தங்கள் காரணமாக, அவற்றுக்கான ஆதரவைத் திறந்த மூல எஞ்சினுக்குள் வைக்க முடியாது. வெளியே ஒரு கம்பெனியைப் பிடித்து மாற்ற வேண்டும். பெரிய முப்பரிமாண கேம்களுக்கு அன்ரியல் அளவுக்கு வசதிகள் இல்லை. மெகா கிரிட் சொன்னதைச் செய்தது. ஸ்லே தி ஸ்பயர் 2 கோடோவில்தான் உருவானது.

நீங்கள் இப்போதுதான் கேம் செய்யக் கற்கத் தொடங்கியிருந்தால் யூனிட்டியைத் தொடக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பாடங்களும் வேலைவாய்ப்பும் அதில் இன்னும் நிறைய. ஆனால் எந்த எஞ்சினை எடுத்தாலும் அதன் நிபந்தனைப் பக்கத்தைத் திறந்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள். கட்டணம் வருமானத்தோடு கட்டியிருக்கிறதா, வேறு ஏதாவது எண்ணிக்கையோடா? அந்த எண்ணிக்கையை யார் எண்ணுகிறார்கள்? நிபந்தனை மாறினால், நீங்கள் வைத்திருக்கும் பதிப்புக்குப் பழையது செல்லுமா, புதியது செல்லுமா? மூன்றாவதற்கான பதில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மேடையில் சொன்னது, ட்வீட்டில் சொன்னது கணக்கில் வராது. கேமை வெளியிடும் அன்று அந்த நிபந்தனைப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கி, தேதியோடு, கேமின் மூலக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள். எந்தப் பதிப்பு எண்ணில் கேமைக் கட்டினீர்கள் என்பதையும் அதோடு எழுதி வையுங்கள்.